உள்ளங்கை மூடணும், விரல் விடக்கூடாது

பதினோரு மணிச் சோதனைக்குப் பத்தரைக்கே வந்து பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டான் அடைக்கலம். உட்கார்ந்ததும் மூக்கை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தான். எண்ணெய் வாடை இல்லை. எப்படி இருக்கும், இது என்ன நிஜ ஹெலிகாப்டரா? பிளைவுட்டில் அடித்த பெட்டி. கழித்துப்போட்ட ஒரு ஹெலிகாப்டரிலிருந்து பிடுங்கிய சீட்டும் மீட்டர் பலகையும் இடது பக்கத்து லீவரும் வைத்து, எதிரே மூன்று டிவியை மாட்டி, சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கரைச் சொருகி, கதவில் சிமுலேட்டர் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பாருங்கள், பதினேழு வருஷமாக நிஜ ஹெலிகாப்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனுக்கு, இந்தப் பொய்ப் பெட்டியில் ஏறியதும் இருப்புக்கொள்ளவில்லை. பயமா என்றால் பயம்தான். ராட்டினம் உச்சியில் போய் நின்று, இதோ இறங்கப்போகிறது என்று இருக்குமே, சிரிப்பும் அலறலும் ஒரே தொண்டையில் முட்டிக்கொண்டு, அந்த மாதிரி பயம். மெக்கானிக் அவன். எஞ்சினைக் கழற்றுவான், மாட்டுவான், அதன் வயிற்றுக்குள் விளக்கடித்துப் பார்ப்பான், எந்த நட்டு எத்தனை இறுக்கம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான், ஆனால் ஒரு தடவைகூடத் தன் கையால் அதை எழுப்பியது கிடையாது. பைலட் வருவார், கறுப்புக் கண்ணாடியோடு ஏறுவார், ஸ்டார்ட் பண்ணுவார். இவன் வெளியே நின்று காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். பொத்திக்கொள்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு விரலுக்கு நடுவே சந்து விட்டுக் கேட்பான். முதலில் ஒரு முனகல், அப்புறம் டக் டக் டக்கென்று தீப்பொறி விழுகிற சத்தம், அப்புறம் புஸ்ஸென்று உள்ளே பற்றிக்கொள்ளும் பாருங்கள், அந்தப் புஸ்ஸுக்கு அவன் ரோமமெல்லாம் இன்றைக்கும் எழுந்து நிற்கும். பறக்கவைக்க மெக்கானிக்குக்கு அனுமதி இல்லை, சரி. ஆனால் ரிப்பேர் பார்த்த எஞ்சினைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்க்கலாம், அதற்கு ஒரு கையெழுத்து வேண்டும், அந்தக் கையெழுத்துக்கு இந்தப் பெட்டியில் தேற வேண்டும். இரண்டு தடவை தோற்றாயிற்று. மூன்றாவதும் போனால் ஃபைலை மூடிவிடுவார்கள், இனி இந்த ஜென்மத்துக்கும் காதைப் பொத்திக்கொண்டு வெளியேதான்.

லீவரைப் பிடித்துப் பார்த்தான். இடது கையில்தான் எல்லாம் இருக்கிறது. லீவர் நுனியில் மோட்டார் சைக்கிள் ஆக்ஸிலேட்டர் மாதிரி ஒரு முறுக்குப்பிடி, அது எண்ணெயைத் திறக்கவும் மூடவும். அதற்கு மேலே ஆள்காட்டி விரல் படுகிற இடத்தில் ஸ்டார்ட்டர் பொத்தான், அமுக்குகிற வரைக்கும் எஞ்சினைச் சுற்றிக் காற்றை உள்ளே தள்ளும், விட்டால் நின்றுவிடும். காற்று முந்தி, எண்ணெய் பிந்தி, அவ்வளவுதான் சூத்திரம். சுற்று பதினைந்து சதவீதம் வந்த பிறகு பிடியை முறுக்கி எண்ணெயை விட்டால் பற்றிக்கொள்ளும். உள்சூடு எழுநூறு எழுநூற்றைம்பது டிகிரிக்கு ஏறித் தானாகவே இறங்கும், சுற்று ஐம்பத்தெட்டைத் தொட்டதும் விரலை எடுத்துவிடலாம். இது நல்லபடியாக நடந்தால். நடக்காமல், இறங்க வேண்டிய சூடு இறங்காமல் எண்ணூறு, எண்ணூற்றைம்பது என்று ஓட ஆரம்பித்தால்? அதற்குத்தான் இந்தப் பெட்டி. உள்ளங்கை உடனே பிடியை மூடணும், எண்ணெய் நிற்கணும். ஆனால் விரல் ஸ்டார்ட்டரை விடக்கூடாது. உள்ளே அடைந்த நெருப்பைக் காற்று ஊதித் தள்ளி ஆற்றணும், இருநூறுக்குக் கீழே வரும்வரை ஆற்றணும். ஒரே கை, பாதி விடணும், பாதி பிடிக்கணும். சொல்லும்போது குழந்தைகூடச் செய்துவிடும் போலத்தான் இருக்கும். அடைக்கலத்தின் விரலுக்கு மட்டும் அது ஏறவே இல்லை. ஏன் ஏறவில்லை என்று அவனுக்குத் தெரியும், தெரிந்துதான் வயிற்றெரிச்சல். எஞ்சினுக்குத் தண்ணீர் விட்டுக் கழுவுகிற வேலை ஒன்று உண்டு. உப்பும் தூசியும் போக, எண்ணெய் விடாமல் ஸ்டார்ட்டரை மட்டும் அமுக்கிச் சுற்றவிட்டு வாயில் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். உள்ளே பொத்தானில் அடைக்கலம், வெளியே குழாயோடு கபூர் பாய். கபூர் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே பெருக்கல் குறி போட்டால் நிறுத்து என்று அர்த்தம். ஸ்டார்ட்டர் தாங்குகிற நேரம் முடிந்தபின் ஒரு நொடி பிந்தினாலும் அது கருகிவிடும் என்பதால், அந்தக் குறியைக் கண்ணு பார்த்து மூளைக்குச் சொல்வதற்கு முன்னாடியே விரல் எழுந்துவிடும். பதினேழு வருஷத்தில் ஒரு ஸ்டார்ட்டரைக்கூட அவன் கருக்கியதில்லை, டீக்குடிக்கிற இடத்தில் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வான். அந்தப் பீற்றல்தான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. போன மாதம் முதல் சோதனையில் சூடு ஓடியதும் உள்ளங்கை அசைவதற்கு முன்னாலேயே விரல் குதித்து எழுந்தது, திரை சிவந்து ஆயிரத்தைத் தொட்டது. அடுத்த தடவை எண்ணெயை மூடிவிட்டான், ஆனால் விரலும் கூடவே போய்விட்டது. "எண்ணெய மூடிட்டீங்க அண்ணா, செரி. உள்ள இருக்கற நெருப்பு எங்கீங்க போகும்?" என்று கேட்டாள் சோதனை எடுக்கிற கேப்டன் பூங்கோதை. கோபிக்காரி, முப்பத்திரண்டு வயசு, திட்டும்போதும் அண்ணா போட்டுத்தான் திட்டுவாள். எங்கே போகும்? அவனுக்குத் தெரியாதா? எட்டு வருஷத்துக்கு முன்னே ஒரு பைலட் இப்படித்தான் மொத்தக் கையையும் விட்டுவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பதினோரு நொடி. அந்த எஞ்சினைப் பிரித்தது அடைக்கலம்தான். உள்ளே வரிசையாக நிற்க வேண்டிய தகடெல்லாம் பல் உதிர்ந்த சீப்பு மாதிரி, சிலது உருகி ஒன்றோடொன்று ஒட்டி. தொட்டுப் பார்த்தபோது விரல்நுனி கூசியது, இப்போது நினைத்தாலும் அந்தக் கூச்சம் இருக்கிறது, இதோ, இதே ஆள்காட்டி விரல்தான்.

விரலை நீட்டி மடக்கினான். நீ என் விரலா, கபூர் விரலா? இதை அஞ்சலைதான் முதலில் கேட்டது. அஞ்சலை அவன் சம்சாரம், பனியன் கம்பெனியில் தையல். இரண்டாவது தடவை தோற்றுவிட்டு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவனிடம் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அடுப்புல ஊதினா நெருப்பு கூடத்தானேய்யா செய்யும், குறையும்ங்கிறே?" என்றாள். "விறகை உருவிட்டு ஊதிப் பாரு, அப்ப என்ன ஆவும்?" என்றான் இவன். "சாம்பல் பறக்கும்." "அதேதான்." "அப்ப இதுல என்னய்யா கஷ்டம்? நான் மெஷின்ல உக்காந்தா கால் அமுக்கிக்கிட்டே இருக்கு, கை துணியைத் திருப்புது, கண்ணு சூப்பர்வைசரைப் பாக்குது, வாய் பக்கத்துச் சீட்டுக்காரிகிட்ட ஊர்வம்பு பேசுது. நாலும் நாலு வேலை. ஒனக்கு ஒரு கையி ரெண்டு வேலை செய்யாதா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சப்பாத்திக் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதில் பழைய வண்டியின் ரப்பர் பிடியைச் செருகி, வாசல் காலிங்பெல் பொத்தானைக் கழற்றி வயரோடு இழுத்துவந்து டேப்பால் சுற்றிக் கட்டினான். அமுக்குகிற வரைக்கும் பெல் அடிக்கும், விட்டால் நிற்கும். அப்புறம் மூன்று வாரம் அந்த வீட்டில் நடந்த கூத்து! அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அறுநூறு, அறுநூத்தம்பது, எழுநூறு" என்று பஸ் கண்டக்டர் மாதிரி ராகம் போடுவாள். திடீரென்று "எண்ணூறு, எண்ணூத்தம்பது!" என்று கத்துவாள். இவன் பிடியை மூட வேண்டும், பெல் மட்டும் நிற்காமல் அடிக்க வேண்டும். நின்றால், "போச்சு! எஞ்சின் வெந்துபோச்சு, சட்டினி அரைச்சுறவா?" என்பாள். மாடிவீட்டு அம்மா இரண்டு தடவை இறங்கிவந்து கதவைத் திறந்து பார்த்தாள், யாருமில்லாத வாசலுக்கு யார் பெல் அடிக்கிறது என்று. பத்தில் மூன்று தேறியது, அப்புறம் ஆறு, நேற்று ராத்திரி பத்துக்குப் பத்து. பத்துக்குப் பத்து! கடைசித் தடவை அவள் எண்ணைச் சொல்லிக்கொண்டே குக்கர் மூடியைத் தரையில் போட்டாள், வேண்டுமென்றே, அந்தச் சத்தத்துக்கும் விரல் அசையவில்லை. அவள்தான் குதித்தாள். அடைக்கலத்துக்குக் காலையிலிருந்து அந்தப் பத்துக்குப் பத்து நெஞ்சுக்குள் பட்டாசுச் சரம் மாதிரி வெடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அது சப்பாத்திக் கட்டை. அது அஞ்சலை குரல். இங்கே வேறு ஏதாவது ஒன்று இருக்கும், கேப்டன் லேசுப்பட்டவளில்லை, அவள் கண்ணு கையைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்கவே பார்க்காது.

"சாப்டீங்ளா அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே பூங்கோதை பக்கத்துச் சீட்டில் ஏறினாள். மடியில் பொத்தான் வைத்த ஒரு சின்னப் பலகை, அதில் என்ன தட்டுவாளோ அதுதான் எஞ்சினுக்குத் தலைவிதி. "ஆச்சுங்க மேடம்" என்றான். ஆகவில்லை, இட்லியைப் பிட்டு வைத்ததோடு சரி. "இன்னைக்கு வெளிய ஒரு ஆள் நிப்பாருங்க, நெசத்துல நிக்கற மாதிரியே" என்று சொல்லிக் கையைத் தட்டினாள். நடுத்திரைக்கும் வலதுபக்கத் திரைக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குச் சந்து இருந்தது. அதில் காலி தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? கபூர். சாட்சாத் வாணியம்பாடி கபூர். அடைக்கலத்துக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை ஜிவ்வென்று ஏறியது. அடிப்பாவி! "இன்னா மாப்ளே, மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துகிச்சு? தண்ணி வாஷா இன்னைக்கு?" என்று பல்லைக் காட்டினான் கபூர். "வாய மூடுறா பாய்." "நான் இன்னா பண்ணட்டும், அந்தம்மா கூப்டுச்சு, வந்தேன். டீ வாங்கித்தரேன்னுச்சு." "ஒரு டீக்கு வித்துட்டியே பாய்!" "வடையும் சேத்து, மாப்ளே." பூங்கோதை சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை எங்கேயோ கன்னத்துக்குள் அடக்கியிருந்தாள். "ரெண்டு ஸ்டார்ட் குடுப்பேனுங்க. நல்லதா கெட்டதான்னு சொல்லமாட்டேன். கெட்டதுக்கு நல்லது மாதிரி பண்ணினாலும் ஃபெயிலு, நல்லத பயந்துட்டு மூடினாலும் ஃபெயிலு. ஆரம்பிச்சுரலாமுங்களா?"

கை பிடியில் படிந்தது. ரப்பர் வழுவழுப்பு, எத்தனை பேர் வேர்வையோ. பேட்டரி சரி, பிடி மூடியிருக்கிறது, சூடு முப்பத்தொன்று, வெளியே ஆள் நிற்கிறான், நிற்கிறானே பாவி. ஆள்காட்டி விரல் அமுக்கியது. ஸ்பீக்கருக்குள்ளிருந்து முனகல் கிளம்பி, மெல்ல மெல்லக் குரல் உயர்ந்து, ஐந்து, எட்டு, பதினொன்று, டக் டக் டக், அட இந்தச் சத்தத்தை எடுத்த எஞ்சினில் ஒரு பேரிங் தேய்ந்திருக்கிறதே, யார் கவனித்தார்கள், சரி அதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், பதிமூன்று, பதினைந்து. பிடியை முறுக்கினான். மோட்டார் சைக்கிளுக்கு நேர் எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும், அதில் அவனுக்குத் தடுமாற்றமில்லை. புஸ்! ஸ்பீக்கர் புஸ்தான், மண்ணெண்ணெய் வாடையில்லாத புஸ், இருந்தும் ரோமம் எழுந்தது! சூடு நானூறு, அறுநூறு, அறுநூற்றெண்பது, ஏறுகிறது, எண்ணைப் பார்க்காதே அது ஏறுகிற வேகத்தைப் பார், எழுநூற்றுப் பத்து, எழுநூற்று முப்பது, மூடிவிடலாமா, உள்ளங்கை கேட்கிறது, மூடிவிடு மூடிவிடு என்று கெஞ்சுகிறது, பொறு, வேகம் தளர்கிறது பார், மாட்டுவண்டி மேட்டில் மூச்சு வாங்குவது மாதிரி, எழுநூற்று முப்பத்தாறு, அங்கேயே நின்றது, நின்று, முப்பத்திரண்டு, முப்பது, இறங்குகிறது. ஐம்பத்தெட்டு வந்தது, விரலை எடுத்தான். எஞ்சின் தன் காலில் நின்று ஓடியது. இறக்கை நிழல் திரையில் சுழன்றது. அடைக்கலத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, பெட்டிக்குள்ளே உட்கார்ந்து பொய் எஞ்சினுக்கு அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கபூர் வெளியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "நிறுத்துங்க. ரெண்டாவது" என்றாள் பூங்கோதை, பலகையில் என்னவோ தட்டினாள்.

மறுபடி முனகல். ஐந்து, எட்டு. இது கெட்டது, கட்டாயம் கெட்டதுதான், இல்லை, அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நல்லதைப் போய் மூடிவிடுவோம், அதற்குத்தான் அவள் அப்படிச் சொன்னாளா, பதினொன்று, டக் டக் டக், பதினைந்து, முறுக்கினான், புஸ். நானூறு. அறுநூறு. எழுநூறு. தளர வேண்டும். எழுநூற்றைம்பது. இப்போது தளர வேண்டும். தளரவில்லை, ஒவ்வொரு எண்ணும் முந்தின எண்ணின் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டு போகிறது, எழுநூற்று எண்பது, எண்ணூறு, பல் உதிர்ந்த சீப்பு, பதினோரு நொடி, இதுதான், இதேதான், உள்ளங்கை முறுக்கி மூடியது, படக்கென்று கடைசிவரை போய் நின்றது, அதே கணத்தில் எதிரே சந்தில் கபூர் சிலிண்டரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே பெருக்கல் குறி போட்டான். "ஸ்டாப்! ஸ்டாப்! மாப்ளே ஸ்டாப்!" பதினேழு வருஷம் முழங்கையிலிருந்து விர்ரென்று இறங்கி விரலுக்கு வந்தது. எழு என்றது. நகம் வெளுத்தது, விரலுக்கடியில் பொத்தான் ஒரு மயிரிழை தளர்ந்ததை அவனே உணர்ந்தான், போச்சு, போகப்போகிறது, அது கபூர் சொன்னால் கேட்கிற விரல், தன் பேச்சைக் கேட்காது, நிறுத்து என்றால் எதை நிறுத்த, அதுதானே கேள்வி, எண்ணெயை நிறுத்தியாயிற்று, அவன் கேட்டதைக் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன வேண்டும் உனக்கு? கால் அமுக்கிக்கொண்டே இருக்கும், கை துணியைத் திருப்பும். விரல் அமுங்கியது. முனகல் அறுபடாமல் ஓடியது. எண்ணூற்று நாற்பது, அங்கே ஒரு கணம் நின்று, யோசித்து, எண்ணூற்று இருபது.

"ஸ்டாப்பு மாப்ளே, ஸ்டாப்பு! ஏய், கை தெரில? இதோ பாரு!" கபூர் பெருக்கல் குறியை இன்னும் பெரிதாகப் போட்டுக்கொண்டு குதித்தான். எழுநூற்றுத் தொண்ணூறு. எழுநூறு. அடைக்கலத்துக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது, அடக்க முடியவில்லை. "கத்துடா பாய்! நல்லாக் கத்து! தொண்டை கிழியக் கத்து!" என்று அவனும் கத்தினான். "விடமாட்டேன் போ!" அறுநூறு. "அந்தம்மா கத்தச் சொல்லுச்சு மாப்ளே, கோவிச்சுக்காதே. ஸ்டாப்!" ஐந்நூற்று முப்பது. காற்று ஓடுகிறது உள்ளே, அவனுக்குக் கண் முன்னே தெரிகிறது, அந்தத் தகடுகள் வரிசையாக, ஒரு பல் உதிராமல், சிவப்பு வடிந்து சாம்பல் நிறமாகி, அவன் கையால் துடைத்த தகடுகள், நட்டு கழலாமலிருக்க அவன் கையால் மாட்டிய பூட்டுக்கம்பிகள், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. நானூற்றைம்பது. விரல் வலித்தது. நானூறு. இந்த வலி எவ்வளவு நன்றாக இருக்கிறது! முந்நூற்று ஐம்பது. கபூர் களைத்துப்போய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நான் டீக்குப் போறேன்" என்றான். முந்நூறு. இறங்குவது மெதுவாகிவிட்டது, கடைசிச் சூடு லேசில் போகாது, எந்த இரும்புக்கும் அப்படித்தான். இருநூற்று எழுபது. இருநூற்று நாற்பது.

"போதுமுங்க அண்ணா. விட்டுருங்க" என்றாள் பூங்கோதை. பலகையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, முடிந்துபோன காரியம் மாதிரி, பேனாவின் மூடியைத் திறந்தாள். கேப்டன் சொல்கிறாள். சோதனை எடுக்கிறவள் சொல்கிறாள். கையெழுத்து அவள் பேனாவில் இருக்கிறது. விரல் கேட்டது, அவங்களே சொல்லிட்டாங்களே, விட்டுறவா? அடைக்கலம் அவள் பக்கம் திரும்பவில்லை. மீட்டரைப் பார்த்தான். இருநூற்று இருபத்தாறு.

"இன்னும் இருக்குங்க மேடம்."

"நான் சொல்றனுங்ளே. விடுங்க."

"மன்னிச்சுக்குங்க மேடம். இன்னும் இருக்கு."

அவள் கண்ணு அவன் கைக்குப் போயிற்று. கபூரும் போகாமல் வாயைத் திறந்தபடி சந்திலேயே நின்றான். முனகல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பதினைந்து. இருநூற்று எட்டு. வேர்வைத் துளி ஒன்று காதோரம் இறங்கிச் சட்டைக் காலருக்குள் போயிற்று. இருநூற்று மூன்று. இருநூறு. இருநூறு என்பது இருநூறுக்குக் கீழே ஆகாது. நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

யாரும் கை காட்டவில்லை, யாரும் சொல்லவில்லை. அடைக்கலம் தானாகவே விரலை எடுத்தான்.